மரமேறத் தெரிந்த கோழிகள்

போன வெள்ளத்தில் யாரோ ஒருவருடைய கோழிகள் மூன்று நாள் பலாமரத்திலேயே இருந்து பிழைத்துக்கொண்டன என்கிற செய்தி, கெர்ட்ரூட்டின் காதுக்கு வந்து சேர்வதற்குள் குறைந்தது மூன்று வாய் மாறியிருந்தது. தங்காக் டவுனில் துணிக்கடையில் நிற்கும் ஒரு பெண் சொன்னாளாம். அதை, கெர்ட்ரூட்டோடு பூசைக்கு வரும் ஜாக்லினின் நாத்தனார் கேட்டாளாம். நாத்தனார் சொன்னதை ஜாக்லின் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில் குடையை விரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஒண்ணுகூட சாகலையாம் ஆண்ட்டி. கீழ ஆளுயரத்துக்குத் தண்ணி, மேல கோழி. ஒரு கோழி கெளையில முட்டைகூட போட்டுச்சாம்."

"கெளையில முட்டை எப்படி நின்னுச்சாம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன போய் பாத்தேனா? சொன்னாங்க லா."

"முட்டைய விட்டுடு. கோழி நெசமா?"

கெர்ட்ரூட்டிடம் முட்டைக் கதை சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் ஊருக்கு வெளியே ஒரு முட்டைப் பண்ணையில் இருபத்து நாலு வருடம் வேலை பார்த்தவள் அவள். இருட்டறையில், அடியில் விளக்கு எரியும் மேசையின் மேல் முட்டைகள் உருண்டு வரும். கீறல் விழுந்ததையும் உள்ளே ரத்தப் பொட்டு உள்ளதையும் கண்ணாலேயே பிடித்து எடுத்துப் போட வேண்டும். மூன்று நாள் இரையில்லாமல் மழையில் நனைந்த கோழி முட்டை போடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் மரத்தில் கோழி என்பதை அவளால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஏனென்றால் அதே வெள்ளத்தில் அவளுடைய கோழிகள் ஒன்பதும் செத்திருந்தன.

அவள் வீடு ஆற்றோரக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், கடைசிக்கு முந்திய வீடு. பலகை வீடு. கணவர் கேப்ரியல் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவர். ஓய்வுக்கு முன்பே நிலத்தை வாங்கி, தூண்களை இரண்டடி உயர்த்திக் கட்டினார். அவர் இறந்து நாலு வருடமாகிறது. அதற்கு அடுத்த வருடம் கெர்ட்ரூட்டும் பண்ணையிலிருந்து நின்றுகொண்டாள். நிற்கும்போது, பண்ணையில் வயதாகிக் கழித்துவிட்ட சிவப்புக் கோழிகளில் ஒன்பதைக் கொண்டுவந்தாள். அப்போது இனம் பார்த்து எடுக்க வேண்டும் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவேயில்லை. கோழி என்றால் அவளைப் பொறுத்தவரை அந்தச் சிவப்புக் கோழிதான். கழித்த பிறகும் நாளைக்கு ஐந்தாறு முட்டை போட்டன. நல்ல கோழிகள்.

மார்ச் மாதத்தில் தண்ணீர் வந்தது. தீயணைப்புப் படையின் பொம்பாக்காரர்கள் படகோடு வந்து கூப்பிட்டபோது, கோழிகளை மேசைமேல் ஏற்றிவிட்டு வருகிறேன் என்றாள். ஏற்றினாள். ஏற்ற ஏற்ற அவை இறங்கின. தீனித்தட்டு இருந்த மூலைக்கே போய், தட்டு தண்ணீருக்கடியில் போன பிறகும், இரை வரும் என்று அங்கேயே நின்றன. கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்த கோழிக்கு உலகத்தில் தெரிந்த ஒரே இடம் தட்டு இருக்கும் இடம். கணுக்காலில் இருந்த தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. கடைசியில் அவளை ஜன்னல் வழியாகத்தான் படகில் இறக்கினார்கள். யாரோ அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட, சிங்கப்பூரில் வேலையில் இருந்த மகன் ரயன், அம்மா அழைப்பதற்கு முன்பே அந்தப் படத்தைப் பார்த்துவிட்டான்.

ரயன் ஜொகூர் பாருவில் எட்டாவது மாடியில் மனைவி எலைனோடு இருக்கிறான். விடியுமுன் எழுந்து பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். தண்ணீர் வடிந்ததும் லீவு போட்டுவிட்டு வந்து, இரண்டு நாள் சேற்றைக் கழுவினான். மூன்றாம் நாள் பேச்சை எடுத்தான்.

"மம்மி, போதும். எங்க வீட்டுக்கு வந்துடுங்க."

"எட்டாவது மாடியில நான் என்ன செய்வேன்? லிப்ட்ல ஏறி எறங்கிட்டு இருக்கவா?"

"ஒம்பது கோழிக்காக நெஞ்சு வரைக்கும் தண்ணியில நின்னீங்க. ஒம்பது கோழி! அந்தப் படத்தப் பாத்துட்டு வேலையில நிக்க முடியல மம்மி. சூப்பர்வைசர் என்னை ஒக்கார வெச்சு தண்ணி குடுத்தான்."

"கோழி என்னப்பா செய்யும்? அதுக்கு மரம்னா என்னன்னே தெரியாது. நான்தான் தப்பான கோழிய எடுத்துட்டேன்."

"அப்ப சரியான கோழி எது?"

ரயன் எரிச்சலில் கேட்டான். கெர்ட்ரூட் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள். பதிலாக ஒரு வாக்குக் கொடுத்தாள். அடுத்த தண்ணீர் வரட்டும். இறங்கு என்று சொன்ன உடனே இறங்கிவிடுவேன், கோழியைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டேன். கோழிகள் தாமாகப் பிழைத்துக்கொள்ள வேண்டும். பிழைத்தால் நான் இங்கேதான் இருப்பேன்.

"பொழைக்கலைன்னா?"

"ஒண்ணு செத்தாலும் பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துர்றேன்."

"ஒண்ணு செத்தாலும்?"

"அதான் சொல்றேனே."

"சாமி படத்துக்கு முன்னால சொல்லுங்க."

கூடத்தில் திருஇருதய ஆண்டவர் படம், சுவரில் தண்ணீர் விட்டுப்போன கறைக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. அதன் முன்னால் நின்று இன்னொரு தடவை சொன்னாள். எல்லாம் பிழைத்தால் இந்தப் பேச்சை நான் இனி எடுக்கவே மாட்டேன் என்று ரயனும் சொன்னான். சொல்லிவிட்டு, கோழிக்காகத் தாயும் மகனும் சத்தியம் செய்துகொண்டு நிற்பதை நினைத்து இருவருக்குமே சிரிப்பு வந்தது. ஆனால் யாரும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இதெல்லாம் முடிந்து இரண்டு வாரத்தில்தான் ஜாக்லினின் பலாமரத்துச் செய்தி வந்தது. அடுத்த சனிக்கிழமை ஜாக்லினின் காரிலேயே கெர்ட்ரூட் தங்காக்குக்குப் புறப்பட்டாள். குனோங் லேடாங் மலையடிவாரத்தில், சின்னத்தம்பி என்று ஒருவர் பலவிதக் கோழி வளர்க்கிறார் என்று அந்த நாத்தனாரே சொல்லியிருந்தாள்.

சின்னத்தம்பி லாரி ஓட்டி ஓய்ந்தவர். அறுபத்தைந்து இருக்கும். பழத்தோட்டத்துக்கு நடுவில் வலை வலையாகப் பிரித்து வைத்திருந்தார். கெர்ட்ரூட்டின் பண்ணையில் இருந்த அதே சிவப்புக் கோழி. பஞ்சு பறக்கும் உடம்போடு தோல் கறுத்த சீனக் கோழி. உள்ளங்கையில் நிற்கிற அளவுக்குச் சிறிசாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும் செராமா. வலைக்கு வெளியே, கணக்கே இல்லாமல் திரிந்துகொண்டிருந்த கம்பத்துக் கோழிகள்.

"என்ன கோழி வேணும் தங்கச்சி?"

"முட்டையும் போடணும் அண்ணே. மரமும் ஏறணும்."

"ரெண்டையும் ஒரே கோழியில கேட்டா நீ என்கிட்ட கேக்கக் கூடாது, மேல இருக்கவன்கிட்ட கேக்கணும்." அவர் சிவப்புக் கோழியைக் காட்டினார். "இது முட்டை மெசின். ஒடம்பு கனம், இறக்கை சும்மா பேருக்கு. ஒரு முழம் தாண்டாது."

"இது தெரியும். ஒம்பது போச்சு."

"இந்தச் சீனக் கோழி எறகுக்குப் பறக்கவே வராது. மழையில நனஞ்சா தோச்ச துணி மாதிரி ஆயிரும். பிள்ளை பெத்தவங்களுக்கு சூப் வெக்க வாங்குவாங்க. செராமா பறக்கும், ஆனா அத நீ பாத்துக்கணும், அது உன்னைப் பாத்துக்காது. குளிர் தாங்காது."

"கம்பத்துக் கோழி?"

"அதுக்கு நீயே தேவையில்ல. முட்டைதான் கம்மி. பதினஞ்சு போடும், அடை படுத்துரும், கிட்ட போனா கொத்தும்."

சின்னத்தம்பி சொன்னதை அவள் நம்பவில்லை என்றில்லை. ஆனால் இருபத்து நாலு வருடம் விளக்கில் பிடித்துப் பார்க்காமல் ஒரு முட்டையையும் நல்லது என்று சொல்லாதவள். அவள் கேட்டது இதுதான்: "கோழி அடையற நேரம் வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போலாமா?"

"அலமாக்! எல்லாரும் தொடைய பாப்பாங்க, கொண்டைய பாப்பாங்க. நீ அது தூங்கறத பாக்கணும்கிற."

"தூங்கற எடந்தானே அண்ணே எனக்கு முக்கியம்."

ஜாக்லின் காரில் உட்கார்ந்து அலுத்துப்போனாள். கெர்ட்ரூட் ஒரு தலைகீழான வாளியின் மேல் ஆறு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். ஏழு மணிக்கு மேல் வெளிச்சம் குறையத் தொடங்கியது. சிவப்புக் கோழிகள் தீனித்தட்டைச் சுற்றித் தரையிலேயே அமுங்கின. சீனக் கோழிகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. செராமாக்கள் ஒரு பழைய சைக்கிளின் கைப்பிடியில் ஏறி நின்றன. கீழே எங்கோ சூரா என்கிற சிறு பள்ளிவாசலிலிருந்து, மாலைத் தொழுகைக்கான மஹ்ரிப் பாங்கு கேட்டது. அதற்காகவே காத்திருந்தவை போல, கம்பத்துக் கோழிகள் ஒவ்வொன்றாகக் கழுத்தை நீட்டி மேலே பார்த்தன. முதலில் கழிவுத்தொட்டி விளிம்பு, அங்கிருந்து கூரை, கூரையிலிருந்து படபடவென்று லங்சாட் மரம். பாங்கு முடிவதற்குள் மரம் நிறைந்துவிட்டது.

"கீழ்க் கெளையில இருக்கறது வேணாம்," என்றாள் கெர்ட்ரூட். "மேல இருக்கறதுல பத்து பொட்டை, ஒரு சேவல்."

சின்னத்தம்பி டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏணிக்குப் போனார். "மாப்பிள்ளை பாக்கறவங்ககூட இவ்வளவு பாக்கமாட்டாங்க," என்று போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

புதிய கோழிகள் வந்த நாலாம் நாளே கெர்ட்ரூட்டின் ராம்புத்தான் மரத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டன. முட்டை விஷயத்தில் சின்னத்தம்பி சொன்னது அப்படியே நடந்தது. பத்தும் சேர்ந்து நாளைக்கு மூன்று போட்டால் அது நல்ல நாள். அவையும் சிறிசு. முட்டையை எங்கே போடும் என்றும் சொல்ல முடியாது. வாழைக்கன்றடியில் ஒன்று, மழைக்காலப் பூட்சுக்குள் ஒன்று. பண்ணையில் இப்படி வேலை செய்திருந்தால் அந்தக் கோழிகளை அன்றைக்கே கழித்திருப்பார்கள் என்று அவள் நினைத்தாள். ஆனால் மாலையில் ரயன் அழைத்து, "கோழி எங்க?" என்று கேட்கும்போது, "மேல" என்று ஒரே சொல்லில் பதில் சொல்வதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது.

தொல்லை வந்தது பக்கத்து வீட்டுப் பக்கமிருந்து. பாக் டின் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கம்பத்தில் மாடி வைத்த வீடு அவருடையது ஒன்றுதான். வேலியோரம் கீரைப்பாத்தி போட்டிருந்தார். கோழிகள் காலையில் மரத்திலிருந்து இறங்கும்போது வேலிக்கு இந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பாக் டின் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க கோழிங்க காலையில விருந்துக்கு வந்தாங்க, தேத்தண்ணிதான் போட்டுக் குடுக்க நேரமில்ல" என்று மலாயில் சொல்லிச் சிரிப்பார். அவர் மனைவி காக் தோன் அதுகூடச் சொல்லமாட்டாள். அவளும் கெர்ட்ரூட்டும் ஒருவரை ஒருவர் காக், அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். யார் மூத்தவள் என்பதை இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டதில்லை.

நவம்பர் கடைசியில் பாக் டின் மகளுக்குக் கல்யாணம். விருந்துக் கூடாரத்துக்கு இடம் போதாமல் வேலியைப் பிரித்து, இரண்டு கால்களைக் கெர்ட்ரூட்டின் வாசலில் ஊன்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். இதுக்குக் கேக்கணுமா என்றாள். கூடாரத்தை எங்கே கட்டுவது என்று அளந்து பார்க்க வந்த அன்று, காக் தோன் ராம்புத்தான் மரத்தடியில் நின்று இரண்டு தடவை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த இரண்டு பார்வை கெர்ட்ரூட்டுக்குப் போதுமானதாக இருந்தது. மரத்தின் பாதிக் கிளைகள் சரியாகப் பந்திமேல்தான் வருகின்றன. ஐந்நூறு பேர் சாப்பிடுகிற இடம். மேலே பதினோரு கோழி. காக் தோன் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். அவளைச் சொல்ல வைப்பது அதைவிட மரியாதைக்கேடு. சொல்லாமலே செய்வதுதான் பக்கத்து வீட்டுக்காரிக்கு அழகு.

வியாழக்கிழமை மாலை சோளத்தைத் தூவிப் பதினொன்றையும் பழைய கூட்டுக்குள் இழுத்தாள். இருட்டியதும் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்து, வலது இறக்கையை விரித்து, நீள இறகுகளைச் சமையலறைக் கத்தரிக்கோலால் வரிசையாக நறுக்கினாள். வலிக்காது, ரத்தம் வராது. பண்ணையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். சேவலுக்கும் நறுக்கினாள். நகம் மாதிரிதானே, ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும் என்று நினைத்தாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. கூடாரத்தின்மேல் ஒரு கோழியும் ஏறவில்லை. பாக் டின் பெரிய தட்டில் நெய்ச்சோறு கொண்டுவந்து கொடுத்து, "உங்க கோழிங்களுக்கும் அழைப்பு வெச்சேன், ஒண்ணுமே வரலையே, கோபமா?" என்றார்.

டிசம்பரில் இரண்டு வாரம் ஓடின. கோழிகள் ஒவ்வொரு மாலையும் மரத்தடிக்கு வந்து, கழுத்தை நீட்டி, தாவி, ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தன. சேவல் மூன்று தடவை விழுந்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்பதுபோல் வேறு பக்கம் நடந்தது. கெர்ட்ரூட் ஒரு கோழியைப் பிடித்து இறக்கையை விரித்துப் பார்த்தாள். நறுக்கின இடம் நறுக்கினபடி இருந்தது. சின்னத்தம்பிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, வெட்டுன எறகு எப்ப வளரும்?"

"எதுக்கு வெட்டுன?"

சொன்னாள். எதிர்ப்பக்கம் பெரிதாகச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது.

"தங்கச்சி, எறகு நகம் மாதிரி வளராது. வெட்டுனது வெட்டுனதுதான். அடிக்கட்டை தானா உதிர்ந்து புதுசு மொளைக்கணும். மழை முடியறதுக்குள்ள நடக்காது. மரமேறற கோழி வேணும்னு எருமைமாடு வாங்கறவன் மாதிரி பாத்து எடுத்துட்டுப் போன. நீயே வெட்டிட்டு நிக்கிற."

"பண்ணையில வெட்டறத பாத்திருக்கேன் அண்ணே. வளர்றத பாத்ததில்ல."

"பண்ணையில அது வளர்ற வரைக்கும் வெச்சிருக்கமாட்டானே."

அது உண்மைதான். சின்னத்தம்பி கொஞ்சம் இறங்கிவந்தார். "அழுவாத. ஏணி வை. அதுக்கு மேல போகணும்னு ஆசை இருக்கு, இறக்கைதான் இல்ல. கால் இருக்குல்ல?"

கேப்ரியல் ராம்புத்தான் பறிக்க வைத்திருந்த மர ஏணி வீட்டடியில் கிடந்தது. அதைச் சாய்த்து, ரப்பியா கயிற்றால் கிளையோடு கட்டினாள். முதல் மூன்று நாள் கோழிகள் ஏணியை ஒரு விருந்தாளியைப் பார்ப்பதுபோல் தூர நின்று பார்த்தன. ஒவ்வொரு படியிலும் சோளம் வைத்தாள். முதல் படிச் சோளத்தைத் தின்றுவிட்டு இறங்கின. அடுத்த நாள் முதல் படியில் வைக்காமல் இரண்டாம் படியில் வைத்தாள். அதற்கடுத்த நாள் மூன்றாம் படி. சேவல்தான் முதலில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. போனதும் இறங்க மறந்து அங்கேயே அடைந்தது. அதைப் பார்த்து இரண்டு. கிறிஸ்துமசுக்கு ஐந்து. ரயனும் எலைனும் வந்திருந்தபோது ஏணியைக் கண்டு, இது எதுக்கு என்று எலைன் கேட்டாள். "பழம் பறிக்க" என்றாள் கெர்ட்ரூட். மரத்தில் அப்போது பழம் இல்லை. ரயன் மேலே பார்த்தான், மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு போனில் "கோழி எங்க?" என்று அவன் கேட்டால், "சேவல் மேலதான் இருக்கு" என்றாள். அது பொய்யில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் எட்டு ஏறின. மூன்று மட்டும் ஏறவில்லை. வெள்ளைக் கழுத்துக்காரி ஒன்று, அடை படுத்து எழுந்து உடம்பு கரைந்துபோன கறுப்பி ஒன்று, காரணமே இல்லாமல் பிடிவாதம் பிடித்த சாம்பல் நிறக்காரி ஒன்று. அவை துவைக்கிற கல்லின் மேல் படுத்துக்கொண்டன. இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் போதும் என்று கெர்ட்ரூட் நினைத்தாள்.

ஒரு வாரம் கிடைக்கவில்லை. மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் மாலை நாலரை மணிக்கு லாரியோடு ஆட்கள் வந்து, ஒலிபெருக்கியில் வீடு வீடாகக் கூப்பிட்டார்கள். தண்ணீர் அப்போது வாசலில் கணுக்கால் அளவுதான். கோழிகள் வீட்டடியில் நனைந்து நின்றன. ஏணியில் ஒன்றும் இல்லை. நாலரை மணிக்கு எந்தக் கோழியும் அடையாது. அடைவதற்கு மஹ்ரிப் ஆக வேண்டும். மஹ்ரிப் ஆக இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

கறுப்பியை மட்டுமாவது பிடித்துக் கூடையில் போடலாம் என்று குனிந்தாள். பகலில் கம்பத்துக் கோழியைப் பிடிக்க நாலு ஆள் வேண்டும். அது தூண்களுக்கு நடுவில் ஓடி மறைந்தது.

"அக்கா, ஏறுங்க!" லாரியிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் கத்தினான்.

மூன்று மணி நேரம். ஏணிக்குப் பக்கத்தில் நின்று, எட்டும் ஏறுகிறதா என்று பார்த்து, மீதி மூன்றையும் இருட்டில் பிடித்து மேலே வைத்துவிட்டால் முடிந்தது. தண்ணீர் ஒன்றும் அவ்வளவு வேகமாக ஏறவில்லை. அவளுக்கு நன்றாகவே தெரிந்தது, போன தடவையும் இதையேதான் நினைத்தாள். வீட்டில் இருந்த சோளத்தையெல்லாம் ஏணியின் எல்லாப் படிகளிலும் கொட்டினாள். பையை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினாள்.

பாக் டின் சாமான்களை மாடிக்கு ஏற்றிவிட்டு, அங்கேயே தங்குவதாக இருந்தார். காக் தோனை மட்டும் லாரியில் ஏற்றிவிட வந்தார். கெர்ட்ரூட் குனிந்து அவரிடம், "பாக் டின், மஹ்ரிப் தொழுது முடிச்சதும் ஜன்னல் வழியா மரத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்க. பதினொண்ணு இருக்கணும்" என்றாள்.

"அதுங்கதான் தானா ஏறிக்குமே, நான் எதுக்குப் பாக்கணும்?"

"பாருங்க, தயவுசெஞ்சு."

நிவாரண மையம் பள்ளிக்கூட மண்டபத்தில். ஆளுக்கு ஒரு கூடாரத்துணி, ஒரு போர்வை. காக் தோனும் கெர்ட்ரூட்டும் பக்கத்துப் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டார்கள். ரொட்டியும் தேத்தண்ணியும் வந்தன. கெர்ட்ரூட் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"என்ன காக், கோழியா?" என்றாள் காக் தோன். "உங்க கோழி மரத்திலதானே தூங்கும். நான் தினமும் பாப்பேனே. இப்பத்தான் கொஞ்ச நாளா ஏணியில ஏறுது, எங்க வீட்டுக்காரர்கூட கேட்டார், கோழிக்கு மூட்டு வலியான்னு."

கெர்ட்ரூட்டுக்குச் சொல்லிவிடலாம் என்று பட்டது. மறைத்து வைத்து இனி என்ன ஆகப்போகிறது. கல்யாணத்துக்கு முன்னால் இறக்கையை நறுக்கியதைச் சொன்னாள். பந்திமேல் கோழி உட்கார்ந்தால் நன்றாக இருக்காதே என்று செய்ததைச் சொன்னாள்.

"யார் உங்கள வெட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நீங்க வந்து ரெண்டு தடவ மரத்தை அண்ணாந்து பாத்தீங்களே."

காக் தோன் யோசித்தாள். பிறகு இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"யா அல்லா. காக், நான் மேகத்தைப் பாத்தேன். மழை வருமா, கூடாரத்துக்கு ரெண்டு அடுக்குப் போடணுமான்னு பாத்தேன். கோழி எங்க கூடாரத்து மேல ஒக்காந்தா என்ன? கூடாரத்துக்குக் கூரை இருந்துச்சே!"

கெர்ட்ரூட்டுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் கண்ணும் நிறைந்தது. காக் தோன் தன் முக்காட்டு நுனியால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொட்டியைப் பிய்த்து அவள் கையில் திணித்தாள். "சாப்பிடுங்க. இருபது வருஷமா பக்கத்துல இருக்கோம், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நீங்களும்தான் கீரைக்கு ஒரு வார்த்தை கேக்கல."

"அது வேற."

மஹ்ரிப் பாங்கு மண்டபத்துக்குள் கேட்டது. காக் தோன் தொழப் போனாள். கெர்ட்ரூட் ஜெபமாலையை எடுத்தாள். முதல் பத்து மணியை உருட்டும்போது எத்தனையாவது மணி என்று மூன்று தடவை விட்டுப்போனது.

காக் தோன் திரும்பி வந்து உட்கார்ந்த சிறிது நேரத்தில் பாக் டினிடமிருந்து செய்தி வந்தது. ஏணியில் மூன்று படி தண்ணீருக்குள் போய்விட்டது என்று எழுதியிருந்தார். துவைக்கிற கல் தெரியவில்லை. அடியில் ஒரு படம். மேல் ஜன்னலிலிருந்து டார்ச் வெளிச்சத்தில் எடுத்தது. பாதி இலை, பாதி இருட்டு, மழைக் கோடுகள்.

கெர்ட்ரூட் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். சேவலின் வால் தெரிந்தது. ஒன்று. அதையொட்டி இரண்டு, மூன்று. கீழே கவட்டையில் இரண்டு ஒட்டி உட்கார்ந்திருந்தன, ஐந்து. படத்தை நகர்த்தினாள். ஆறு, ஏழு, எட்டு. எட்டும் ஏறிவிட்டன. அதற்கு மேல் கிளை நுனியில், இலைகளுக்கு நடுவில், வெள்ளையாக ஒன்று. கழுத்து. நிச்சயம் கழுத்துதான். ஒன்பது.

"எத்தனை?" என்றாள் காக் தோன், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து.

"இருங்க."

ஏணி கிளையோடு சேரும் இடத்தில் ஒரு கறுப்பு இருந்தது. நிழலாக இருக்கலாம். கறுப்பியாகவும் இருக்கலாம். அதன் பின்னால் சாம்பலாக இன்னொன்று, அல்லது அதே கிளையின் முண்டு. இன்னும் கொஞ்சம் பெரிதாக்க விரலை வைத்தாள்.

கைப்பேசி அதிர்ந்தது. படம் மறைந்து, அந்த இடத்தில் ரயனும் எலைனும் கடற்கரையில் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் வந்தது. ரயன் அழைக்கிறான். எங்க இருக்கீங்க என்று கேட்பான், மண்டபத்தில் என்பாள், கூப்பிட்ட உடனே ஏறிட்டீங்களா என்பான், ஏறிட்டேன் என்பாள். கோழி எங்க என்கிற அதற்கு அடுத்த கேள்விக்கு அவளிடம் ஒன்பதுதான் இருந்தது.

"எடுங்க காக், பையன்."

"கூப்பிடறேன். இது நின்னு அந்தப் படம் திரும்ப வரட்டும், எண்ணிட்டுக் கூப்பிடறேன்," என்றாள் கெர்ட்ரூட். விரலைப் பச்சை வட்டத்திலும் வைக்காமல் சிவப்பு வட்டத்திலும் வைக்காமல், அதிர்கிற கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அது நிற்கவில்லை.